குப்பிக்குள் ஒரு சண்டை மீன்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் விலங்கியல்)

முன்னுரை

கண்ணுக்கு இனியவற்றை வீட்டில் வைத்து மகிழ்வது மனித இயல்பு. கிளி, புறா, முயல் ஆகியவற்றின் வரிசையில் வண்ண மீனும் இன்று நம் இல்லங்களில் இடம் பெற்றுவிட்டது. சென்னைக் கொளத்தூர் வண்ண மீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் பெயர் பெற்ற ஊர். மாவட்டத் தலைநகரங்கள் மட்டுமன்றிச் சிற்றூர்க் கடைத்தெருக்களிலும் இப்பொழுது மீன் கடைகளைக் காணலாம். அக்கடைகளில் பெரிய தொட்டிகளில் பொன்மீன்களும் கப்பிகளும் கூட்டமாக நீந்திக் கொண்டிருக்கும். ஆனால் கடையின் முன்பக்க மேசைமீது, மூடியிட்ட சிறு பிளாஸ்டிக் குப்பிகளில், குப்பிக்கு ஒன்றாக ஒரு மீன் மட்டும் தனியே அடைபட்டிருக்கும். அதுதான் ‘பைட்டர்’ என்று வழங்கப்படும் சண்டை மீன்.

மற்ற மீன்களுக்குத் தொட்டி. இதற்கு மட்டும் ஏன் குப்பி? “இது காற்றைச் சுவாசிக்கும் மீன், எதிலும் வாழும்” என்பதே கடைதோறும் கிடைக்கும் விடை. இந்த விடையில் பாதி உண்மை. மறுபாதி பெரும் பிழை. அந்தப் பாதி உண்மை எவ்வாறு ஓர் உயிரின் துன்பத்துக்குக் காரணமாகிறது என்பதை, வகுப்பில் பயின்ற விலங்கியலைக் கொண்டும், எங்கள் ஊர்க் கடைகளில் கண்டவற்றைக் கொண்டும் இக்கட்டுரையில் எடுத்துக்காட்ட விரும்புகிறேன்.

பெயரும் பிறப்பிடமும்

சண்டை மீனின் அறிவியற் பெயர் பெட்டா ஸ்பிளென்டென்ஸ் என்பதாகும். இதன் தாயகம் தாய்லாந்து. அந்நாட்டு மக்கள் இதனை ‘பிளா காட்’ என்பர். ‘கடிக்கும் மீன்’ என்பது அதன் பொருள். முற்காலத்தில் சயாம் என வழங்கிய அந்நாட்டில், இரு மீன்களை மோதவிட்டுப் பந்தயம் கட்டும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்தது. 1849ஆம் ஆண்டில் தியோடர் கான்டர் என்னும் மருத்துவர் இம்மீனைப் பற்றி எழுதினார். ஆயினும் அவர் இட்ட பெயர் வேறொரு மீனுக்கு உரியதாக இருந்தது. 1910இல் சார்லஸ் டேட் ரீகன் என்னும் ஆங்கிலேய விலங்கியலறிஞரே இப்போதைய பெயரைச் சூட்டினார். ‘ஸ்பிளென்டென்ஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்கு ‘ஒளிர்வது’ என்று பொருள். 2019இல் தாய்லாந்து அரசு இதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்துப் பெருமை செய்தது.

கடையில் நாம் காணும் நீண்ட பட்டுத் துடுப்புகளும் நீலம், சிவப்பு, வெண்மை முதலான பளிச்சிடும் நிறங்களும் இயற்கை தந்தவை அல்ல. காட்டுச் சண்டை மீன் குட்டையான துடுப்பும் மங்கிய பழுப்பு நிறமும் கொண்டது. பல நூறு ஆண்டுகளாக மனிதன் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்வித்ததன் பயனே இன்றைய அழகு. தன் கண்களுக்கு விருந்தாக அதனை வடித்தெடுத்தவன் மனிதன். எனவே அதன் நலனுக்குப் பொறுப்பாளியும் அவனே என்பதை இங்கேயே மனத்தில் இருத்திக் கொள்வோம்.

காற்றைப் பருகும் மீன்

பெரும்பாலான மீன்கள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைச் செவுள்களால் பெறுகின்றன. சண்டை மீனுக்குச் செவுள்களோடு வேறொரு துணைச் சுவாச உறுப்பும் உண்டு. தலையில், செவுள்களுக்கு மேலே உள்ள அறையில், மெல்லிய எலும்புத் தகடுகள் மடிப்பு மடிப்பாக அமைந்து, அவற்றின்மீது இரத்த நுண்குழாய்கள் செறிந்த சவ்வு போர்த்தியிருக்கும். சுற்றி வளைந்து செல்லும் இவ்வமைப்பினால் இது லாபிரிந்த் உறுப்பு எனப்படுகிறது. மீன் நீர்மட்டத்துக்கு வந்து வாயால் காற்றை விழுங்க, அக்காற்றிலுள்ள ஆக்சிஜன் இவ்வுறுப்பின் வழியே இரத்தத்தில் கலக்கிறது. குஞ்சு பொரித்தவுடன் இவ்வுறுப்பு இருப்பதில்லை; சில வாரங்கள் கழித்தே வளர்கிறது.

இது நமக்குப் புதிய செய்தி அன்று. நம் குளங்களில் வாழும் பனையேறிக் கெண்டைக்கும் இதே உறுப்பு உண்டு. தரங்கம்பாடியில் டேனியர் பணியில் இருந்த டால்டார்ஃப் என்பவர், அம்மீன் பனை மரத்தில் ஏறக் கண்டதாக எழுதிய குறிப்பு 1797இல் இலண்டன் லின்னேயன் கழக வெளியீட்டில் அச்சாயிற்று. மரம் ஏறுவதைப் பற்றிப் பின்வந்த அறிஞர்கள் ஐயுற்றாலும், அது ஈரத் தரையில் ஊர்ந்து செல்ல வல்லது என்பதில் ஐயமில்லை. சண்டை மீனின் குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு சிறு மீனுக்குப் புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பம் ஆற்றின் பெயராலேயே ‘குப்பானஸ்’ என்று பெயரிட்டனர். ஆகவே சண்டை மீன் நமக்கு முற்றிலும் அயலான உயிர் அன்று. நம் வயல் வாய்க்கால் மீன்களுக்கு உறவு என்றே கொள்ளலாம்.

ஆக்சிஜன் குறைந்த வெதுவெதுப்பான நீர்நிலைகளில் உயிர் தப்புவதற்காக இயற்கை தந்த கொடை இந்த உறுப்பு. இதனால் சண்டை மீன், காற்றுக்குழாய் இல்லாத நீரிலும் மூச்சுத் திணறாமல் இருக்கும். கடைக்காரர் கூற்றின் பாதி உண்மை இதுதான்.

கடைகளில் கண்டவை

கடந்த கோடை விடுமுறையில் எங்கள் ஊரிலும் அடுத்த ஊரிலும் உள்ள மீன் கடைகள் சிலவற்றுக்குப் பலமுறை சென்று, கண்டவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வந்தேன். ஒரு கடையில் வெற்றுக் குப்பி ஒன்றை விலைக்கு வாங்கி, எங்கள் ஆய்வுக்கூட அளவு உருளையைக் கொண்டு அளந்தபோது, கடையில் நிரப்பும் மட்டத்துக்கு அது ஏறத்தாழ 200 மில்லி லிட்டர் நீரே கொண்டது. ஒரு குவளைத் தண்ணீர் என்று சொன்னால் எளிதில் விளங்கும். முழு வளர்ச்சியடைந்த ஆண் மீன் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் நீளம் உடையது. துடுப்பை விரித்தால் குப்பியின் இரு பக்கமும் தட்டும். திரும்புவதற்கு உடலை வளைத்தாக வேண்டும்.

பல மீன்கள் துடுப்புகளை மடித்துக்கொண்டு குப்பியின் அடியில் அசையாது கிடந்தன; காற்றுக்காக மட்டும் மேலே வந்து மீண்டும் அடியில் அமர்ந்தன. சிலவற்றின் வால் நுனி கிழிந்தும் கருகியும் காணப்பட்டது. ஒன்றின் வயிறு வீங்கிச் செதில்கள் அன்னாசிப் பழத்தின் மேற்புறம் போல் தூக்கி நின்றன. இது உடலில் நீர் கோத்த நிலை, மீன் வளர்ப்போர் இந்நிலைக்கு மிகவும் அஞ்சுவர், பெரும்பாலும் மீளாது. ஒரு கடையில் குப்பிகள் பிற்பகல் வெயில் விழும் இடத்தில் அடுக்கப்பட்டிருந்தன.

அக்கடைக்காரரிடம், “அண்ணே, இதுக்கு இந்தத் தண்ணி போதுமா?” என்று கேட்டேன். “தம்பி, இது சாகாத மீன். சாக்கடைத் தண்ணியில விட்டாலும் கெடக்கும்” என்றார் அவர் சிரித்துக்கொண்டே. அவர் பொய் சொல்லவில்லை. தாம் நம்பியதையே சொன்னார். ஆனால் அதிகாலையில் கடை திறக்கும் நேரத்தில் நான் சென்ற ஒரு நாள், அவர் முதலில் செய்த வேலை, இரவில் இறந்த மீன்களைக் குப்பியிலிருந்து எடுத்து அப்புறப்படுத்தியதுதான். வாடிக்கையாளர் வரும்போது எஞ்சியிருப்பவை உயிருள்ளவை மட்டுமே. இறந்தவை மேசையில் நிற்பதில்லை. ‘சாகாத மீன்’ என்னும் பெயர் இவ்வாறுதான் நிலைபெறுகிறது.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

கடைக்காரர் கூற்றில் பிழையான மறுபாதி எது? மூச்சுக்கு வழி இருந்தால் வாழ்வுக்கும் வழி இருக்கும் என்று எண்ணுவதே அது.

மீன் உண்ணும் உணவில் உள்ள புரதம் சிதையும்போது அம்மோனியா உண்டாகிறது. நம் உடல் அதனை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. மீனோ அதனைப் பெரும்பாலும் செவுள்கள் வழியாக நேரே நீரில் விட்டுவிடுகிறது. தின்னாது எஞ்சிய உணவும் கழிவும் அழுகி மேலும் அம்மோனியாவைச் சேர்க்கின்றன. ஆற்றிலும் வயலிலும் இது பெருநீரில் கலந்து மறைந்துவிடும். நன்கு அமைந்த தொட்டியில் நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், வேறு சில அதனை நைட்ரேட்டாகவும் மாற்றிக் கேட்டைக் குறைக்கின்றன. அந்தப் பாக்டீரியாக்கள் குடியேறிப் பெருகுவதற்குக் கூழாங்கல், வடிகட்டி போன்ற பரப்பும், சில வாரக் கால அவகாசமும் வேண்டும். வழவழப்பான சிறு குப்பியில் இவை இரண்டும் இல்லை.

எளிய கணக்கு ஒன்று போடுவோம். ஒரு மீன் ஒரு நாளில் வெளியிடும் கழிவு 20 லிட்டர் தொட்டியில் கலப்பதற்கும் 200 மில்லி லிட்டர் குப்பியில் கலப்பதற்கும் உள்ள வேறுபாடு 100 மடங்கு. தொட்டி நூறு நாளில் அடையும் கேட்டைக் குப்பி ஒரே நாளில் அடைகிறது. மேலும், நீரின் காரத்தன்மை கூடக்கூட அம்மோனியாவின் கொடுமையும் கூடும். பி.எச். அளவு 7இலிருந்து 8 ஆக உயர்ந்தால், நஞ்சான வடிவில் உள்ள அம்மோனியாவின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. வெப்பம் உயர்ந்தாலும் அப்பங்கு மிகும். பிற்பகல் வெயிலில் அடுக்கிய குப்பிகளின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

லாபிரிந்த் உறுப்பு காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துத் தரும். ஆனால் நீரில் உள்ள நஞ்சைத் தடுக்காது. மீனின் செவுளும் தோலும் கண்ணும் இரவு பகலாக அந்த நீரிலேயே நனைந்துகொண்டிருக்கின்றன. புகை நிறைந்த அறையில் ஒருவனை அடைத்து, மூக்குக்கு மட்டும் வெளிக்காற்றுக் குழாய் வைத்தால் அவன் உடனே சாக மாட்டான். கண்ணெரிச்சலும் தோலெரிச்சலும் நீங்கிவிடுமா? வேறு மீனாக இருந்தால் இந்நீரில் மூச்சுத் திணறி விரைவில் இறந்து, நீர் கெட்டுவிட்டது என்று நமக்கு அறிவித்திருக்கும். சண்டை மீன் இறவாது கிடப்பதால் அந்த எச்சரிக்கை நமக்குக் கிட்டுவதில்லை. உயிர் காக்க வந்த வரமே துன்பத்தை நீட்டிக்கும் சாபமாகிவிட்டது என்பதுதான் இக்கட்டுரையின் மையக் கருத்து.

சில கடைகளில் நீர் கெடாதிருக்க உணவையே குறைத்துவிடுகிறார்கள். தொலைவிடங்களுக்கு அனுப்பும்போது மீனை ஓரிரு நாள் பட்டினி போடுவது உண்டு. பயணத்தில் கழிவு குறைய அது ஒருவகையில் தேவையே. ஆனால் பயணத்துக்கு உரிய அந்த முறை கடை மேசையில் வாரக்கணக்கில் தொடர்கிறது. உணவிட்டால் நஞ்சு, இடாவிட்டால் பசி; இவ்விரண்டில் ஒன்றே குப்பி மீனின் விதி.

‘வயல் குட்டையில் வாழும் மீன்தானே?’

குப்பிக்கு ஆதரவாகக் கூறப்படும் மற்றொரு வாதம் இது. சண்டை மீன் தன் தாயகத்தில் நெல்வயல்களிலும் சதுப்பு நிலங்களிலும் கால்வாய்களிலும் வாழ்கிறது என்பது மெய்யே. ஆனால் ஆழம் குறைந்த நீர் வேறு. அளவு குறைந்த நீர் வேறு. முழங்கால் அளவு நீர் உள்ள வயலின் பரப்பை எண்ணிப் பாருங்கள். அங்கே செடிகள் உண்டு, நிழல் உண்டு, கொசுப்புழுவும் நீர்ப்பூச்சியும் உண்டு. கோடையில் நீர் சுருங்கிச் சிறு குட்டையாவதும் உண்டு. அது அம்மீனுக்கு வரும் பஞ்ச காலம். பஞ்சத்தில் கஞ்சி குடித்து உயிர் பிழைத்தவனைப் பார்த்து, ‘இவனுக்குக் கஞ்சியே போதும்’ என்று முடிவு கட்டுவது எவ்வளவு பொருந்தும்?

குப்பியில் நுரைக் கூடு கட்டியிருப்பதைக் காட்டி, “பார், மகிழ்ச்சியாக இருக்கிறது” என்று சொல்வாரும் உண்டு. ஆண் மீன் உமிழ்நீர் பூசிய காற்றுக்குமிழ்களை நீர்மேல் அடுக்கிக் கூடு கட்டி, பெண் இட்ட முட்டைகளை வாயால் எடுத்து அதில் வைத்து, தானே காவல் இருந்து காக்கும் அரிய தந்தை. கூடு கட்டுதல் இனப்பெருக்க உணர்ச்சியின் அடையாளம். வாழிடம் நன்று என்பதற்கு நற்சான்று அன்று.

ஓட இடமில்லாப் போர்

ஆண் மீன்கள் இரண்டு நேருக்கு நேர் கண்டால் செவுள் மூடிகளைக் குடைபோல் விரித்து, துடுப்புகளைப் பரப்பி, நிறம் கூட்டி ஒன்றையொன்று அச்சுறுத்தும். பரந்த நீரில் இது பெரும்பாலும் நீண்ட போராக முற்றுவதில்லை. தோற்றது செடி மறைவில் ஓடிவிடும், வென்றது தன் எல்லையில் நின்றுவிடும். இயற்கையில் சண்டைக்கு முடிவு தருவது ஓடும் வாய்ப்பு.

கடையிலோ தெளிந்த குப்பிகள் தோளோடு தோள் ஒட்டி அடுக்கப்படுகின்றன. நான்கு புறமும் பகை. வெல்லவும் முடியாது, விலகவும் முடியாது. விரித்த செவுளோடு மீண்டும் மீண்டும் சுவரில் மோதி அவை களைத்துப் போகின்றன. வாங்குவோர் வரும்போது அழகு காட்டுவதற்கென்றே குப்பிகளை நெருக்கி வைப்பதையும், கண்ணாடியை முன்னே பிடிப்பதையும் கண்டேன். நாம் அழகென்று கைதட்டும் அந்தத் தோற்றம் மீனுக்குப் போர்க்கோலம்.

அறிவியலும் சட்டமும்

“மீனுக்கு வலி உண்டா?” என்று நண்பர்கள் கேட்பதுண்டு. 2003இல் லின் ஸ்னெடனும் அவருடைய உடனாய்வாளர்களும் ட்ரவுட் மீனின் தலைப்பகுதியில், ஊறு செய்யும் தூண்டலை உணரும் நரம்பு முனைகள் இருப்பதை ஆய்ந்து வெளியிட்டனர். துன்பந்தரும் பொருள் செலுத்தப்பட்ட மீன்கள் உணவை நாடக் காலம் தாழ்த்தின; உதட்டைச் சரளையில் தேய்த்தன. மீனின் உள்ளத்து அனுபவம் எத்தகையது என்பது பற்றி அறிஞர்களிடையே வாதம் தொடர்கிறது. ஆயினும், ‘மீன்தானே’ என்று ஒதுக்கிவிடும் காலம் கடந்துவிட்டது.

நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. மாநிலங்களவையில் இதற்காகக் குரல் எழுப்பியவர் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் என்பது தமிழகத்துக்குப் பெருமை. 1962இல் தொடங்கிய விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. இச்சட்டத்தில் ‘விலங்கு’ என்னும் சொல் மனிதன் நீங்கலாக உயிருள்ள அனைத்தையும் குறிக்கும். மீனும் அதனுள் அடங்கும். அசைந்து உலவப் போதிய நீள, அகல, உயரம் இல்லாத கூண்டிலோ கொள்கலத்திலோ விலங்கை அடைத்து வைப்பதை இதன் 11ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. கேளிக்கைக்காக விலங்குகளைச் சண்டையிடத் தூண்டுவதும் அப்பிரிவின்படி குற்றமே. 2017இல் மீன்தொட்டிக் கடைகளுக்கென நடுவணரசு தனி விதிகள் வெளியிட்டுப் பின்னர்த் திரும்பப் பெற்றுக்கொண்டது. எனினும் மூலச் சட்டம் நிற்கிறது. ‘கொள்கலம்’ என்ற அச்சொல்லுக்குள் நம் பிளாஸ்டிக் குப்பியும் வரும் அன்றோ?

கடைக்காரர் பக்கம்

குற்றம் முழுவதையும் கடைக்காரர்மீது சுமத்துவது நியாயமாகாது. ஆண் மீன்களை ஒன்றாக விட்டால் கடித்துக்கொள்ளும். ஆகவே தனித்தனியே வைப்பது இன்றியமையாதது. சிறு கடையில் ஒவ்வொன்றுக்கும் தனித் தொட்டி வைக்க இடமும் இல்லை, முதலும் இல்லை. வாங்குவோரும் மலிவான மீனையே நாடுகின்றனர். “தொட்டி வேண்டாம், பாட்டிலோட குடுங்க” என்று கேட்பவர் நம்மவரே. பிறந்தநாள் விழாவில் குழந்தைகளுக்கு ஆளுக்கொரு குப்பி மீன் பரிசளிப்போரும், மேசை அழகுக்காக விடுதி அறையில் கண்ணாடிக் கோப்பையில் வைப்போரும் நம்மிடையே உளர். கேட்பவர் உள்ளவரை கொடுப்பவரும் இருப்பர்.

செய்யத்தக்கவை

கடைகளில் பெரிய தொட்டி ஒன்றை ஒளிபுகாத் தடுப்புகளால் பல அறைகளாகப் பிரித்து, ஒரே வடிகட்டியின் வழியே நீர் எல்லா அறைக்கும் சுழலச் செய்யலாம். இடமும் மிச்சம், நீரும் நலம். அதுவும் இயலாதெனில், குப்பிகளுக்கு இடையே அட்டை வைத்து மறைப்பது, வெயில் படாமல் வைப்பது, நாள்தோறும் நீர் மாற்றுவது ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. வெப்பமும் தன்மையும் ஒத்த நீரையே மாற்ற வேண்டும். குழாய் நீரில் குளோரின் இருப்பின் அதனை நீக்கிய பின்பே பயன்படுத்த வேண்டும்.

வளர்க்க விரும்புவோர் 15 அல்லது 20 லிட்டர் கொள்ளும் மூடியுள்ள தொட்டி, மெல்ல இயங்கும் பஞ்சு வடிகட்டி, சில நீர்ச்செடிகள் ஆகியவற்றை முதலில் அமைத்துவிட்டுப் பிறகே மீன் வாங்க வேண்டும். மூடிக்கும் நீருக்கும் இடையே காற்றுவெளி விடுதல் கட்டாயம். நீரின் வெப்பம் 24 முதல் 30 பாகை செல்சியசுக்குள் இருத்தல் நன்று. ஒரு தொட்டிக்கு ஓர் ஆண் மீனே போதும். வாரந்தோறும் நீரில் ஒரு பகுதியை மட்டும் மாற்ற வேண்டும். இம்மீன் ஊனுண்ணி, செடி வேரைத் தின்று வாழும் என்பது வெறுங்கதை. இவ்வாறு பேணினால் மூன்று ஆண்டுகள் வரையிலும் உடன் வாழும். வளர்க்க இயலாமற் போனால் ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடுதல் தகாது. அயல்நாட்டு மீன் நம் நீர்நிலையில் பெருகினால் உள்ளூர் மீன்களுக்கு ஊறு நேரும். பேண வல்ல வேறொருவரிடம் ஒப்படைத்தலே முறை.

இரக்கப்பட்டு நோயுற்ற மீனை விலை கொடுத்து மீட்பது நல்லெண்ணம்தான். ஆனால் காலியான அவ்விடத்தில் மறுநாளே மற்றொரு குப்பி வந்து அமரும். அதைவிட, நன்கு பேணும் கடையைத் தேடிச் சென்று வாங்குவதும், மற்றக் கடைக்காரரிடம் காரணத்தைப் பணிவாக எடுத்துரைப்பதும் நிலையான பயன் தரும். என் குறிப்புகளைக் காட்டிப் பேசிய பின், எங்கள் ஊர்க் கடைக்காரர் ஒருவர் குப்பிகளுக்கு நடுவே அட்டை வைக்கத் தொடங்கியிருக்கிறார். வெயிலிலிருந்து அவற்றை உள்ளே நகர்த்தியும் வைத்தார். குப்பி இன்னும் குப்பியாகவே இருக்கிறது. ஆயினும் இது ஒரு தொடக்கம்.

முடிவுரை

தாங்கிக்கொள்வது வேறு, நலமாக வாழ்வது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதும் பிழையைச் சண்டை மீனிடம் மட்டுமா செய்கிறோம்? பாரம் சுமக்கும் மாட்டைக் கண்டு ‘அதற்குப் பழகிவிட்டது’ என்கிறோம். கடும் வெயிலில் உழைப்பவரைக் கண்டும் அதையே சொல்கிறோம். ஓர் உயிரின் பொறுமை நம் அலட்சியத்துக்கு உரிமச் சீட்டு ஆகாது. விலங்கியல் பயிலும் நாம், உறுப்புகளின் பெயரைத் தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் பெறுவதோடு நின்றுவிடாமல், அவ்வுறுப்பு எதற்காக அமைந்தது, எதற்குப் பயன்படாது என்பதைக் கடைத்தெருவிலும் எடுத்துச் சொல்ல வேண்டும். அடுத்த முறை ஒரு குப்பியைக் கையில் எடுக்கும் நண்பர், ‘இது இதில் சாகாமல் இருக்குமா’ என்று கேளாமல், ‘இது இதில் வாழுமா’ என்று கேட்பாராயின், அதுவே இக்கட்டுரை பெற்ற பயனாகும்.